குத்துச் சண்டையும் அதன் படத் தொகுப்பும்

கொல்கத்தா நகரின் தென்பால் அமைந்த பவானிபூரில் இந்திர ராய் வீதி என்று ஒரு வீதி உண்டு. முதலாம் உலகப் போரில் விமானியாகப் பணிபுரிந்து, பகைவரின் விமானங்கள் பத்தை வென்று, 1918 ஜூலையில் பத்தொன்பது வயதிலேயே உயிர் நீத்த இந்திரலால் ராயின் நினைவாக அவ்வீதி அப்பெயர் பெற்றது. அவருடைய தமையனார் பரேஷ்லால் ராய். கேம்பிரிட்ஜில் பயின்று, குத்துச் சண்டையில் தேர்ச்சி பெற்றுத் தாயகம் திரும்பி, வங்க இளைஞர்களிடையே அவ்விளையாட்டைப் பரப்பியவர் அவர். இந்தியக் குத்துச் சண்டையின் தந்தை என்று அவரைப் போற்றுவது வழக்கம்.

அப்பெரியார் களத்தில் எவ்வாறு நின்றார், இடக்கையை எவ்வாறு நீட்டினார், எதிரியின் அடிக்கு எவ்வாறு விலகினார் என்பவற்றை அறிய விரும்பும் இளைஞன் இன்று எழுத்திலுள்ள குறிப்புகளையே நாட வேண்டியிருக்கிறது. ஆனால், அவர் காலத்தவரேயான அமெரிக்க வீரர் ஜாக் டெம்ப்ஸியின் போட்டிகளை அதே இளைஞன் தன் வீட்டிலிருந்தவாறே காணலாம். இவ்வேற்றுமை எவ்வாறு உண்டாயிற்று? புகழ் பெற்ற வீரர்களின் போட்டிகள் எவ்வாறு படமாகி வீட்டுக்குள் வந்து சேர்ந்தன? அவற்றைத் தொகுத்துக் காப்பதால் விளையும் பயன் யாது? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

திரைப்படமும் குத்துச் சண்டையும் ஏறக்குறைய உடன்பிறந்தவை எனலாம். 1894இல் எடிசனின் கூடத்தில் கார்பெட் என்னும் வீரரின் போட்டி ஒன்று படமாக்கப்பட்டது. அக்காலத்துக் கேமராவில் ஒரு நிமிடத்திற்கு மேல் சுருள் ஓடுவது அரிது. ஆதலால் சுற்று ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றே கணக்கிட்டுச் சண்டையையே சுருக்கிவிட்டனர். மூன்றே ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. 1897 மார்ச் 17 அன்று நெவாடா மாநிலத்துக் கார்சன் நகரில் கார்பெட்டை ஃபிட்ஸிம்மன்ஸ் பதினான்காம் சுற்றில் வீழ்த்தியதை ஈனாக் ரெக்டர் என்பவர் முழுமையாகப் படம் பிடித்தார். ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் ஓடிய அப்படத்தில் இன்று எஞ்சியிருப்பவை சில பகுதிகளே.

படத்தின் ஆற்றலைக் கண்டு அஞ்சியவர்களும் உண்டு. 1910இல் கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சன், வெள்ளையரான ஜெஃப்ரீஸை வென்றார். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலகம் மூண்டது. அப்போட்டியின் படத்தைக் காட்டலாகாதெனப் பல இடங்களில் தடை எழுந்தது. 1912இல் குத்துச் சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு செல்லலாகாது என்று அந்நாட்டில் சட்டமே இயற்றினர். 1940இல்தான் அது நீங்கிற்று. வெற்றி பெற்றவரைத் தடுக்க இயலாதபோது அவ்வெற்றியின் சாட்சியத்தையேனும் தடுக்க முயன்றனர் என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

படம் சாட்சியாக நின்றதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 1927 செப்டம்பரில் சிகாகோவில், டெம்ப்ஸியின் அடி தாங்காமல் டன்னி ஏழாம் சுற்றில் விழுந்தார். விழுந்தவரை விட்டு நடுநிலை மூலைக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. டெம்ப்ஸி உடனே செல்லவில்லை. ஆதலால் நடுவர் எண்ணத் தொடங்கவும் தாமதமாயிற்று. ஒன்பது எண்ணுகையில் டன்னி எழுந்து, முடிவில் வெற்றியும் பெற்றார். டன்னி தரையிலிருந்த நேரம் பத்து விநாடிக்கு மிகுதி என்பதைப் படத்தைக் காணும் எவரும் கடிகாரத்தைக் கொண்டு இன்றும் கணக்கிடலாம்.

இத்தகைய சுருள்களைத் தேடித் திரட்டியவர்களுள் தலையாயவர் ஜிம் ஜேக்கப்ஸ். கைப்பந்தைச் சுவரில் அடித்தாடும் விளையாட்டில் அமெரிக்காவின் முதன்மை வீரராக விளங்கிய அவர், பழைய சண்டைப் படங்களைத் தேடிச் சேர்த்தார். பில் கேட்டன் என்பவரும் தொலைக்காட்சிக்காக அவ்வாறே சேர்த்துவந்தார். இருவரும் தம் செல்வத்தை ஒன்றாக்கினர். மைக் டைசன் சிறுவனாயிருந்தபோது, தம் ஆசிரியர் கஸ் டமாட்டோவின் இல்லத்தில் இச்சுருள்களைக் கண்டு பயின்றார். 1986இல் இருபதாம் வயதில் அவர் உலகப் பட்டம் பெற்றதில், இறந்துபட்ட பல வீரர்களுக்கும் பங்குண்டு எனலாம்.

1970களின் இடையில் வீடியோ நாடா தோன்றியபின், செல்வரல்லாதோரும் இச்செல்வத்தைப் பெறலாயினர். முகம்மது அலி 1960 முதல் 1981 வரை தொழில்முறையில் 61 போட்டிகளில் இறங்கி 56இல் வென்றார். அவருடைய போட்டிகள் நாடாக்களாகவும், பின்னர் டிவிடி வட்டுகளாகவும் உலகெங்கும் பரவின. நம் நாட்டில் ஒரு சிக்கல் எழுந்தது. அமெரிக்க ஒளிபரப்பு முறையில் படத்திற்கு 525 வரிகள். நம் முறையிலோ 625. அயல்நாட்டிலிருந்து உறவினர் அன்புடன் கொணர்ந்த நாடா இங்குள்ள கருவியில் படமாகத் தெரியாமல் கோடுகளாக ஓடுவதுண்டு.

தொகுப்பிலும் நல்லது, அல்லது உண்டு. எதிரி வீழும் காட்சிகளை மட்டும் கோத்த தொகுப்பு கண்ணுக்கு விருந்தாகலாம், அறிவுக்கு ஆகாது. 1974இல் கின்ஷாசாவில் அலி எட்டாம் சுற்றில் ஃபோர்மனை வீழ்த்தினார். அந்த ஒரு சுற்றை மட்டும் காண்போர்க்கு அது வலிமையின் வெற்றியாகத் தோன்றும். முன் சுற்றுகளில் அவர் கயிற்றில் சாய்ந்து நின்று, ஃபோர்மனின் அடிகளைக் கையிலும் தோளிலும் ஏற்று, அவரைச் சோர்வடையச் செய்ததைக் கண்டால்தான் அது பொறுமையின் வெற்றி என்பது விளங்கும்.

கால வரிசையில் காண்பதும் இன்றியமையாதது. 1966இல் கிளீவ்லாந்து வில்லியம்ஸுடன் பொருதியபோது அலியின் கால்கள் ஓயாமல் அசைந்தன. போருக்குச் செல்ல மறுத்ததால் மூன்றரை ஆண்டுகள் விலக்கப்பட்டபின், 1971இல் ஃப்ரேஸியரிடம் தோற்ற போட்டியில் அக்கால்கள் அடிக்கடி ஓய்வதைக் காண்கிறோம். அவ்விலக்கினால் அவர் இழந்தது என்ன என்பதை இவ்விரு படங்களும் சொல்லும். மேலும், பேசாப் படக் காலத்துச் சுருள்களை உரிய வேகத்திலேயே ஓட்ட வேண்டும். விரைவாக ஓட்டினால் பெருவீரரும் கோமாளிபோல் துள்ளுவர். பழையவர்க்குக் கலை தெரியாது என்னும் தவறான எண்ணம் அதனால் பிறந்ததே.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் பாபு லால், ராபின் பட்டா முதலியோர் களமிறங்கினர். வடசென்னையில் சார்பட்டாப் பரம்பரையின் கித்தேரி முத்து பெற்ற வெற்றிகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே வழங்கி வருகின்றன. 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் வந்தபோது மக்கள் அதனை அத்துணை ஆர்வத்துடன் வரவேற்றதற்கு, அந்த உண்மையான போட்டிகளைக் காண இயலாத ஏக்கமும் ஒரு காரணம் ஆகலாம். 1980இல் அலி இந்தியா வந்தபோது அவருடன் தில்லியில் காட்சிப் போட்டியில் நின்ற கவுர் சிங், 1982 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர். அலியின் வாழ்நாள் போட்டிகளை நிரல்படச் சொல்லும் இரசிகர் பலர். கவுர் சிங்கின் போட்டிகளைச் சொல்வோர் சிலரே.

இக்குறையைப் போக்க ஒவ்வொரு குடும்பமும் ஓரளவு உதவக்கூடும். 1980களிலும் 1990களிலும் எடுத்த நாடாக்கள் பல வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. பவானிபூரைப் போலவே சென்னையிலும் காற்றில் ஈரம் மிகுதி. நாடாவில் வெண்மையான பூஞ்சை படரும். அவ்வாறு படர்ந்த நாடாவைக் கருவியில் இடலாகாது. இட்டால் நாடாவும் கெடும், கருவியும் கெடும். நல்ல நாடாவை முழுவதும் பின்னோக்கிச் சுற்றி, உறையிலிட்டு, நூலைப்போல் நிமிர்த்து, உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். மேற்பதிவு நேராதபடி அதன் முதுகிலுள்ள சிறு தகட்டை ஒடித்துவிட வேண்டும். நாள், இடம், இரு வீரர்களின் பெயர், எடை, சுற்றுகள், முடிவு ஆகியவற்றை உறைமீது எழுதுதல் நன்று. பெயர் எழுதப்படாத நாடா ஒரு தலைமுறைக்குப்பின் ஊமையாகிவிடும்.

இவற்றுக்கும் மேலாக, படியெடுத்தலைத் தள்ளிப்போடலாகாது. வீடியோ நாடாக் கருவிகளைச் செய்துவந்த கடைசி ஜப்பானிய நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழுதுபார்க்கும் கைகளும் குறைந்து வருகின்றன. கருவி இயங்கும்போதே, எதனையும் வெட்டாமல், சுற்றுகளுக்கு இடையேயான ஓய்வுப் பொழுதையும் சேர்த்துப் படியெடுத்து, ஒரு படியை வீட்டிலும் மற்றொன்றைத் தம் பகுதிப் பயிற்சிக் கழகத்திலும் வைப்பது முறை. மாவட்டப் போட்டியொன்றில் தோற்ற இளைஞனின் நாடாவாயினும் அதனைத் தள்ளிவிடல் ஆகாது. நாளை அங்குப் பயில வரும் சிறுவனுக்கு, அயல்நாட்டு வீரர்களோடு தன் தெருவைச் சேர்ந்த ஒருவரும் ஆசானாக அமைவது அவ்வொரு படியால்தான்.