எண்ணுக்கும் இஸ்னாத் உண்டு: மறைகுறியியலில் சமவாய்ப்பு

‘சிஃப்ர்’ என்ற அரபுச் சொல் வெறுமையையும், கணிதத்தில் பூச்சியத்தையும் குறிக்கும். அச்சொல்லே ஐரோப்பிய மொழிகளுக்குள் புகுந்து, முதலில் எண்ணையும் பின்னர் இரகசிய எழுத்தையும் குறிக்கும் ‘சைஃபர்’ ஆயிற்று. சொல்லின் இப்பயணம் தற்செயலானதன்று. எண்ணறிவும் மறைகுறி அறிவும் ஒன்றாகவே வளர்ந்தன என்பதற்கு அது ஒரு சான்று.

முற்காலத்தில் மறைகுறி அரசர்களுக்கும் தூதர்களுக்கும் உரியதாக இருந்தது. இன்று சிம்மக்கல்லில் பழம் வாங்குபவர், கடை முகப்பில் ஒட்டியுள்ள கட்டத்தைக் கைபேசியால் படமெடுத்துப் பணம் செலுத்தும்போதும் மறைகுறியே அவருடைய பணத்தைக் காக்கிறது. கைபேசிக்கும் வங்கிக்கும் இடையே அந்த நேரத்திற்கென்றே ஒரு புதிய திறவுகோல் பிறக்கிறது. அத்திறவுகோல் இரும்பாலானதன்று, அது ஒரு நீண்ட எண். யாராலும் முன்கூட்டி அறிய முடியாத எண்ணாக அது இருத்தல் வேண்டும். கணக்கிடுவதைத் தவிர வேறொன்றும் அறியாத இயந்திரம், எவராலும் கணக்கிட்டுக் கண்டுபிடிக்க முடியாத எண்ணை எங்கிருந்து பெறுகிறது? இக்கட்டுரையில் நாம் ஆராய இருப்பது இந்த ஒரு வினாவையே.

அல்கிந்தீ காட்டிய வாயில்

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவ மேதை யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்கிந்தீ, மறைகுறிகளை அவிழ்ப்பது பற்றித் தனி நூல் ஒன்று எழுதினார். அதன் கையெழுத்துப் படி இஸ்தான்புல் நூலகமொன்றில் கண்டெடுக்கப்பட்டு, திமிஷ்கிலுள்ள அரபு மொழிக் கழகத்தால் 1987இல் பதிப்பிக்கப்பட்டது. ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்தை இட்டு எழுதும் மறைகுறியை அவிழ்க்கும் வழியை அந்நூல் விளக்குகிறது. ஒவ்வொரு மொழியிலும் சில எழுத்துகள் மிகுதியாகவும் சில அருகியும் வருகின்றன. அரபியில் அலிஃபும் லாமும் மிகுதி. மறைகுறியில் எந்த அடையாளம் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் மூல எழுத்து வெளிப்பட்டுவிடும்.

இதிலிருந்து பெறப்படும் பாடம் பெரிது. எங்கே ஏற்றத்தாழ்வு இருக்கிறதோ அங்கே பகைவன் நுழைய ஒரு வாயில் இருக்கிறது. ஆகவே எல்லா எண்களும் ஒரே அளவு வாய்ப்புடன் வருவதும், முன்வந்ததைக் கொண்டு பின்வருவதை ஊகிக்க இயலாததுமான வரிசையே நல்ல திறவுகோலுக்கு மூலப்பொருள். இதனையே கணித நூலார் ‘சமவாய்ப்பு’ என்பர்.

1883இல் கெர்க்கோஃப்ஸ் என்பார் மற்றொரு விதியை வகுத்தார். மறைக்கும் முறை பகைவனுக்குத் தெரிந்திருப்பினும் கேடு வரலாகாது. திறவுகோல் மட்டுமே இரகசியமாய் இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். இன்றைய மறைகுறி முறைகள் யாவும் நூல்களில் வெளிப்படையாக அச்சிடப்பட்டுள்ளன. எனவே பாதுகாப்பின் பாரம் முழுவதும் திறவுகோலாகிய எண்ணின் மீதே இறங்கியிருக்கிறது.

குடமும் குர்ஆவும்

யாராலும் முன்னறிய இயலாத முடிவை வேண்டி நிற்பது மனித குலத்திற்குப் புதிதன்று. மர்யம் (அலை) அவர்களைப் பொறுப்பேற்று வளர்ப்பவர் யார் என்பதற்காக எழுதுகோல்கள் எறியப்பட்ட நிகழ்வையும், யூனுஸ் (அலை) அவர்கள் கப்பலில் சீட்டுக் குலுக்கலுக்கு உள்ளானதையும் திருக்குர்ஆன் குறிப்பிடுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்தில் உடன்வரும் துணைவியாரைக் குர்ஆ மூலம் தேர்ந்ததை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அம்புகளைக் கொண்டு குறி கேட்பதும் சூதாட்டமும் விலக்கப்பட்டவை. ஆனால் சம உரிமை உடையோரிடையே மனக்கசப்பின்றி முடிவு காண்பதற்கான குர்ஆ அவற்றினின்று வேறானது.

தமிழகத்தில் இதற்கு நிகரானது உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள், 30 குடும்புகளிலிருந்து குடும்புக்கு ஒருவராக வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஓலைகள் குடத்திலிடப்பட்டுக் குலுக்கப்படும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். பின்னரே உரக்கப் படிக்க வேண்டும்.

சிறுவனின் அறியாமையே அம்முறையின் வலிமை என்பது கவனிக்கத்தக்கது. இறைவனின் அறிவுக்கு எதுவும் தற்செயலானதன்று. இலை உதிர்வதும் அவன் அறியாமல் நிகழ்வதில்லை என்பது நம் நம்பிக்கை. ‘தற்செயல்’ என்று நாம் சொல்வது படைப்புகளின் அறியாமையையே. வியப்பு என்னவெனில், மறைகுறியியலாரும் இதனையே அடிப்படையாகக் கொள்கின்றனர். ஒரு நிகழ்வுக்குக் காரணம் உண்டா இல்லையா என்று அவர்கள் வினவுவதில்லை. பகைவன் அதனை எந்த அளவுக்கு அறியாதவனாக இருக்கிறான் என்றே அளக்கின்றனர். 1948இல் குளோட் ஷானன் அறிமுகப்படுத்திய ‘என்ட்ரோபி’ என்ற அளவுகோல் இதற்குப் பயன்படுகிறது. இதன் அலகு ‘பிட்’. ஒரு நாணயத்தைச் சுண்டினால் கிடைப்பது ஒரு பிட். 128 முறை சுண்டினால் 128 பிட். அதில் வரக்கூடிய வரிசைகள் 39 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணிக்கை. உலகிலுள்ள கணினிகள் அனைத்தும் சேர்ந்தும் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க இயலாது.

கணக்கிடும் இயந்திரத்தின் இயலாமை

கணினிக்கு நாணயம் இல்லை, குடமும் இல்லை. அது கட்டளைப்படி கணக்கிடும். ஒரே தொடக்கம் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரே முடிவைத் தரும். ‘சமவாய்ப்பு எண்’ தருவதாகக் கூறும் நிரல்கள் பலவும், ‘வித்து’ எனப்படும் ஒரு தொடக்க எண்ணை வாங்கிப் பெருக்கியும் கூட்டியும் நீண்ட வரிசையொன்றை உண்டாக்குகின்றன. வித்தை அறிந்தவன் விளைச்சல் முழுவதையும் அறிவான்.

ஓர் எடுத்துக்காட்டு. கணினிக் கடிகாரம் காட்டும் நேரத்தை வித்தாகக் கொண்டு 128 பிட் திறவுகோல் உண்டாக்கப்பட்டது என்று கொள்வோம். எந்த நாளில் உண்டானது என்பது மட்டும் பகைவனுக்குத் தெரியும். ஒரு நாளில் 86,400 வினாடிகளே உள்ளன. எனவே அவன் சோதிக்க வேண்டியவை 86,400 திறவுகோல்களே. பார்வைக்கு 128 பிட்டாகத் தோன்றும் பூட்டு, உண்மையில் 17 பிட்டுக்கும் குறைவானது. ஒரு சாதாரணக் கணினி அதனை நொடிப்பொழுதில் திறந்துவிடும்.

இது கற்பனையன்று. 1995இல் நெட்ஸ்கேப் உலாவியை ஆராய்ந்த பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இயன் கோல்ட்பெர்க், டேவிட் வாக்னர் ஆகிய இருவரும், அதன் வித்து நேரத்தையும் இயங்கும் நிரலின் வரிசை எண்களையும் மட்டுமே கொண்டது என்பதைக் கண்டு வெளியிட்டனர். உலகெங்கும் கடன் அட்டை எண்களைக் காத்துவந்த பூட்டு, ஊகிக்கத்தக்க வித்தின் மீது நின்றது.

துளிகள் சேரும் கண்மாய்

கணக்கில் இல்லாததைக் கணக்குக்கு வெளியிலிருந்துதான் கொணர வேண்டும். 1994இல் லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவில் தியோடர் ட்சோ என்பார் அமைத்த ஏற்பாடு இதற்கு முன்மாதிரியாயிற்று. விசைப்பலகையில் விரல் படும் கணம், சுட்டியின் அசைவு, வட்டு தகவலைத் தந்த நேரம், கருவிகள் செயலியை இடைமறித்த தருணம் ஆகியவற்றை அது நுட்பமான கடிகாரத்தால் அளக்கிறது. ஒருவர் காலை பத்து மணிக்குத் தட்டச்சு செய்தார் என்பதைப் பகைவன் அறியலாம். ஆனால் அவர் விரல் பட்ட கணத்தை ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்குவரை அவன் அறிய முடியாது. அந்தக் கடைசி இலக்கங்களே கணினிக்குக் கிடைக்கும் அறியாமைத் துளிகள்.

ஒரு துளி எதற்கும் போதாது. அதனால் அவை ஓரிடத்தில் திரட்டப்படுகின்றன. பொறியாளர்கள் அதனைக் ‘குளம்’ என்கின்றனர். மதுரைச் சமவெளியில் வாழும் நமக்குக் கண்மாய் என்றால் எளிதில் விளங்கும். பல வாய்க்கால்கள் வழியே வரும் நீர் கண்மாயில் கலந்தபின் எது எந்த வாய்க்காலின் நீர் என்று பிரிக்க இயலாதது போல, உள்ளே வந்த ஒவ்வொரு துளியும் கணிதச் செயலொன்றால் பிசைந்து கலக்கப்படுகிறது. வெளியே வரும் எண்ணைக் கொண்டு உள்ளிருப்பதை அறிய வழியில்லை. போதிய துளிகள் சேர்ந்ததும் 256 பிட் வித்து உருவாகிறது. அவ்வித்திலிருந்து வலிய மறைகுறிச் செயலொன்று வேண்டிய அளவு எண்களை வழங்குகிறது.

ஓரிடத்தில் இவ்வுவமை பொருந்தாது. கண்மாய் நீர் பாய்ச்சப் பாய்ச்சக் குறையும். ஆனால் 256 பிட் அளவுக்கு அறியாமை ஒருமுறை திரண்டுவிட்டால், அதிலிருந்து எடுக்கும் எண்கள் அதனை வற்றச் செய்வதில்லை. வற்றும் என்று எண்ணி முன்னர் எண்களை நிறுத்திவைத்த வழக்கம் 2020இல் லினக்ஸில் கைவிடப்பட்டது. ஆபத்து கண்மாய் வற்றுவதில் இல்லை. நிரம்பும் முன்பே மடையைத் திறப்பதில்தான் இருக்கிறது.

நிரம்பும் முன் திறந்த மடை

இணைய இணைப்பை வீட்டுக்குள் பகிரும் பெட்டி, கண்காணிப்புக் கருவி போன்றவற்றுக்கு விசைப்பலகையோ சுட்டியோ இல்லை. மின்சாரம் பாய்ந்து அவை விழித்தெழுந்த சில கணங்களிலேயே திறவுகோலை உண்டாக்கிவிடுகின்றன. அப்போது அவற்றின் குளம் வெறுமையாய் இருக்கிறது. ஒரே வகைப் பெட்டிகள் பலவும் ஒரே நிலையில் விழித்து, ஒரே எண்ணைத் தேர்ந்துகொள்கின்றன.

2012இல் நாடியா ஹெனிங்கர் முதலிய நால்வர் இணையம் முழுவதிலுமுள்ள பொதுத் திறவுகோல்களைத் திரட்டி ஆராய்ந்தனர். ஆர்.எஸ்.ஏ. முறையில் இரு பெரும் பகா எண்களின் பெருக்கற்பலன் வெளியிடப்படுகிறது. அவ்விரு எண்களும் மறைக்கப்படுகின்றன. பெருக்கற்பலனைப் பிரிப்பது அரிது. ஆனால் இரு கருவிகள் ஒரு பகா எண்ணைப் பொதுவாகக் கொண்டிருந்தால் அவற்றின் மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டாலே போதும். இரு பூட்டுகளும் திறந்துவிடும். பள்ளியில் நாம் கற்ற, உக்லீதிஸின் நூலில் உள்ள அந்த எளிய முறையால், பாதுகாப்பான இணைப்பு வழங்கிய கணினிகளுள் 0.50 விழுக்காட்டின் இரகசியத் திறவுகோல்களை அவர்கள் பெற்றனர்.

இதற்கு முன்னரே டெபியன் லினக்ஸில் வேறொரு கேடு நிகழ்ந்திருந்தது. 2006 செப்டம்பரில், பிழை காணும் கருவியொன்று காட்டிய எச்சரிக்கையை நீக்கும் நோக்கத்துடன், ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ மென்பொருளில் இரு வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. திரட்டிய துளிகளைக் குளத்தில் சேர்க்கும் வரியும் அவற்றுள் ஒன்று. பின் எஞ்சியது நிரலின் வரிசை எண் மட்டுமே. அது 32,768ஐத் தாண்டாது. 2008 மே மாதத்தில் லூசியானோ பெல்லோ கண்டறிந்ததாக அறிவிக்கப்படும் வரை, ஏறத்தாழ இருபது மாதங்கள், உலகெங்கும் அத்தகைய திறவுகோல்கள் உண்டாக்கப்பட்டு வந்தன.

இருபது மாதங்கள் எவரும் ஐயுறாதது ஏன்? அத்திறவுகோல்கள் ஒவ்வொன்றும் குறையற்றதாகவே தோன்றியது. புள்ளியியல் சோதனைகளாலும் இக்குறையைக் காண இயலாது. வட்டத்தின் ‘பை’ மதிப்பிலுள்ள இலக்கங்கள் அறிந்த சோதனைகளில் சமவாய்ப்பாகவே காட்சி தருகின்றன. ஆனால் அவற்றை உலகமே அறியும். இங்குதான் நம் ஹதீஸ் கலை நினைவுக்கு வருகிறது. மத்ன் எவ்வளவு அழகாக இருப்பினும், இஸ்னாத் ஆராயப்படாமல் ஓர் அறிவிப்பு ஏற்கப்படுவதில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார், இடையில் எவரேனும் விடுபட்டாரா என்பதே முதல் வினா. சமவாய்ப்பு எண்ணின் நிலையும் இதுவே. எண்ணைப் பார்த்து அதன் தரத்தை அறிய முடியாது. அது வந்த வழியைக் கொண்டே அறிய முடியும்.

ஒரே அறிவிப்பாளரை நம்பலாமா?

செயலிக்குள்ளேயே மின்னோட்டத்தின் இரைச்சலிலிருந்து எண் தரும் உறுப்பை 2012 முதல் இன்டெல் நிறுவனம் வழங்கிவருகிறது. பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிறுவனத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் குவாண்டம் இயல்புகளைக் கொண்டு எண் பெறும் ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. இவை சிறந்த ஊற்றுகளே. எனினும் ஒன்றை மட்டும் நம்புதல் தகாது என்பதற்கு வரலாறு உண்டு. அமெரிக்கத் தர நிறுவனம் 2006இல் ஏற்ற ‘டூயல் ஈ.சி.’ என்ற முறையில், அதனை அமைத்தவர் மட்டும் அறியத்தக்க கள்ளவழி இருக்கக்கூடும் என்று 2007இல் இரு ஆய்வாளர்கள் காட்டினர். 2013இல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அந்த ஐயத்தை வலுப்படுத்தின. 2014இல் அம்முறை கைவிடப்பட்டது. இன்று இயங்குதளங்கள் பல ஊற்றுகளைக் கலக்கின்றன. முறையாகக் கலந்தால், ஒன்று பொய்த்தாலும் மற்றொன்றின் அறியாமை காத்துவிடும்.

நம் சமுதாயத்தோடு நேரடித் தொடர்புடைய ஒன்றையும் இங்கே கருத வேண்டும். இந்தியாவில் ஹஜ் விண்ணப்பங்கள் இடங்களை விஞ்சும்போது ஹஜ் கமிட்டி கணினி வழிக் குர்ஆவால் பயணிகளைத் தேர்கிறது. திறவுகோலுக்கு வித்து இறுதிவரை மறைந்திருக்க வேண்டும். குர்ஆவுக்கோ, குலுக்கும் முன் எவரும் அறியாததாகவும் குலுக்கிய பின் எல்லோரும் சரிபார்க்கத் தக்கதாகவும் வித்து இருத்தல் வேண்டும். விண்ணப்ப வரிசையை முன்னரே வெளியிட்டு, சாட்சிகள் முன்னிலையில் உருட்டிய பகடைகளால் வித்தைப் பெற்று, கணக்கிடும் முறையையும் அறிவித்துவிட்டால், கணிதம் அறிந்த எவரும் வீட்டிலிருந்தே முடிவைச் சரிபார்க்கலாம். மத்தியஸ்தன் விரித்துக் காட்டிய ஐந்து விரல்களுக்கு இக்காலத்தில் ஈடானது அதுவே.

கணினி தந்தது என்பதாலேயே ஓர் எண் நடுநிலையானதாகவோ இரகசியமானதாகவோ ஆகிவிடாது. நிரல் கற்கும் நம் இளைஞர்கள் மறைகுறிக்கான எண்ணைத் தாமே புனையாமல், இயங்குதளம் திரட்டித் தரும் ஊற்றிலிருந்து பெறுதல் வேண்டும். நிறுவனங்களைப் பயன்படுத்தும் நாம், “இந்த எண் எங்கிருந்து வந்தது?” என்று கேட்கப் பழகுதல் வேண்டும். அறிவிப்பாளர் வரிசையைக் கேட்காமல் செய்தியை ஏற்காத மரபினருக்கு இவ்வினா புதிதாக இராது.