உயிரில்லாத டிவி கேம்: மின்சாரம் எங்கே நின்றது?

செஞ்சியிலிருந்து பேசுறேன். இந்த முறை சாஃப்ட்வேர் இல்ல. பரணில் கிடந்த பழைய கார்ட்ரிட்ஜ் டிவி கேம். 1983-ல் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். ஆன் பண்ணினா லைட்கூட எரியல. "சிப் போயிருக்கும், தூக்கிப் போடுடா"ன்னு அண்ணன் சொல்லிட்டார். எனக்கு மனசு வரல.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்தேன். 9 வோல்ட் அடாப்டர், லோடு இல்லாததால் 12-க்கு மேல் காட்டியது. சரி, அது உயிரோட இருக்கு.

அடுத்து போர்டில் 7805 ரெகுலேட்டர். எழுத்து நம்மைப் பார்த்திருந்தா இடப்பக்கக் கால் உள்ளீடு, நடுக்கால் கிரவுண்டு, வலப்பக்கக் காலில் 5 வோல்ட் வரணும். வந்தது 0. உடனே புதுசு ஆர்டர் போடப் போயிட்டேன். நல்லவேளை, உள்ளீட்டையும் பார்த்தேன்: அங்கேயும் 0. உள்ளே வராததை அது எப்படி வெளியே தரும்? (உள்ளீடு இருந்து 5 வோல்ட் மட்டும் வரலேன்னா, மாத்துறதுக்கு முன்னாடி வெளியீடு கிரவுண்டோடு ஷார்ட் ஆகியிருக்கான்னு பாருங்க.)

நம்ம ராஜகிரி உச்சிக்கு முன்னாடி ஒரு பிளவு, அதுமேல பாலம் இருக்கே? பாலம் இல்லேன்னா கோட்டை இருந்தும் போக முடியாது. இங்கேயும் அதே கதை.

அடாப்டரைக் கழற்றிட்டுத்தான் பீப் மோடுக்கு மாறணும். ஆன் நிலையில் ஸ்விட்ச் பீப் அடிச்சது. அடாப்டர் ஜாக்கின் காலுக்கும் போர்டு தடத்துக்கும் நடுவில் சத்தமே இல்ல. சால்டரில் முடியளவு விரிசல்!

மறுபடி பற்றவைத்தேன். 5.02 வோல்ட். சிவப்பு லைட் எரிஞ்சதும் அண்ணன் வந்து உட்கார்ந்தார்: "முதல் ஆட்டம் எனக்குத்தான்."