ஈயமும் ஈரமும்

தமிழில் 'அச்சு' என்னும் சொல்லுக்கு வேலை மிகுதி. இடியாப்பம் பிழிவதற்கு ஓர் அச்சு வேண்டும். வெல்லம் பிடிப்பதற்கு ஓர் அச்சு வேண்டும். நூல் வெளிவருவதும் அச்சினாலேதான். உருவமற்ற ஒன்றை உருவமுள்ள ஒன்றாக ஆக்கித் தரும் கருவி எதுவாயினும் அதை அச்சு என்றே நம் முன்னோர் அழைத்தனர். மீன் பிடிப்போர் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டையும், மீனை ஏய்க்கும் பொய்யிரையையும் வார்ப்பதற்குரிய அச்சினைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். மரக்காணத்தில் வாழ்வோருக்கு இது புதுமையான செய்தியன்று. ஆயினும் அன்றாடம் கண்ணெதிரே நிகழும் வேலைக்குள் எவ்வளவு பௌதிகமும் இரசாயனமும் அடங்கியிருக்கின்றன என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணாமல் செய்வதால் வரும் தீங்கும் சிறிதன்று.

கடலில் எடை கட்டுவதற்குக் காரீயத்தை ஏன் தேர்ந்தார்கள்? சுட்ட மண் குண்டுகளை வலையில் கோத்து மிதவைக்கு எதிராக இழுக்கச் செய்யும் வழக்கமும் உண்டு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரீயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம் எடையுள்ளது. 100 கிராம் ஈயம் ஏறத்தாழ 9 கன சென்டிமீட்டர் இடத்தையே அடைக்கும். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி கடல் நீரில் அது 9 கிராம் எடையை இழந்து 91 கிராமாக நிற்கும். சுட்ட மண்ணின் அடர்த்தியை 2 என்று கொண்டால், 100 கிராம் மண்குண்டு 50 கன சென்டிமீட்டர் நீரை விலக்கும். ஆதலின் கடலுக்குள் அதன் எடை பாதிக்கும் கீழே போய்விடும். கரையில் சமமாக இருந்த இரண்டும் தண்ணீருக்குள் இறங்கியதும் ஒன்றுக்கொன்று இருமடங்கு வேறுபடுகின்றன. நீரோட்டம் இழுக்கும் இடத்தில், சிறிய உருவில் மிகுந்த எடை தரும் பொருளே வேண்டும்.

இந்த ஈயம் நம் நாட்டுக்குப் பண்டு கடல் வழியாகவே வந்தது. இந்தியரிடம் செம்பும் ஈயமும் இல்லை என்றும், முத்தும் மணியும் கொடுத்து அவற்றைப் பெறுகின்றனர் என்றும் உரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். ஏறத்தாழ அதே காலத்துப் 'பெரிப்ளஸ்' என்னும் கிரேக்கக் கடற்பயண நூலும் முசிறியில் வந்திறங்கிய சரக்குகளில் ஈயத்தைச் சேர்த்துக் கூறுகிறது. அந்நூல் கிழக்குக் கரையில் குறிப்பிடும் சோபட்மா என்னும் துறைமுகம் மரக்காணமே என்று கருதும் அறிஞரும் உளர்.

பொய்யிரை என்பது தூண்டில் முள்ளைத் தன்னுள் பதித்துக்கொண்ட ஒரு சிறு உலோக மீன். கொடுவா, பாறை, வஞ்சிரம் போன்றவை ஓடுகிற இரையைத் துரத்திப் பிடிப்பவை. உலோகத் துண்டின் ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் குவிந்தும் இருந்தால், நரம்பைச் சுண்டி இழுக்கும்போது நீர் இருபுறமும் ஒரே வகையாகத் தாக்காது. துண்டு இப்படியும் அப்படியும் தள்ளாடிக்கொண்டு வரும். அடிபட்ட மீன் நீந்துவது போன்ற அத்தோற்றமே பெரிய மீனை வரவழைக்கிறது. ஆகவே இங்கே அழகைக் காட்டிலும் வடிவத்தின் துல்லியமே முக்கியம். ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் வேண்டுமானால் அச்சு வேண்டும்.

அச்சுக்குரிய பொருளைத் தேடி மரக்காணத்தார் தொலைவு செல்ல வேண்டியதில்லை. உப்பளத்துப் பாத்திகளில் உப்பு விளைவதற்கு முன்பே வேறொன்று விளைந்துவிடுகிறது. கடல் நீரின் செறிவு போமே அளவையில் ஏறத்தாழ 3 டிகிரி. வெயிலும் காற்றும் நீரை உறிஞ்ச உறிஞ்சச் செறிவு ஏறுகிறது. 13 டிகிரி அளவில் ஜிப்சம் என்னும் கால்சியம் சல்பேட்டு படியத் தொடங்குகிறது. சோற்றுப்பு படிவதோ 25 டிகிரியை எட்டிய பின்னர்தான். இடைப்பட்ட பாத்திகளின் தரையில் காலைக் குத்தும் கடினமான படிகப் படலமாக ஜிப்சம் தங்கிவிடும். உப்பையே நோக்கி நடப்பவர் கண்ணுக்கு அது தடையாகவே தோன்றும். எனக்கோ அப்பாத்திகளுள் மிகச் சுவையானவை அவைதாம் என்று தோன்றுகிறது.

ஏனெனில் ஜிப்சம் தண்ணீரைக் கல்லாக்கி வைத்திருக்கும் பொருள். உலர்ந்த ஜிப்சத்தை எடுத்துக் கையால் தடவிப் பாருங்கள், ஈரமே இராது. ஆயினும் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர். படிகத்தின் கட்டமைப்பிலேயே அந்நீர் உறைந்து கிடக்கிறது. 150 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் அதில் முக்கால் பங்கு வெளியேறி, வெண்மையான மாவு எஞ்சும். அதுவே பாரிஸ் சாந்து. மாவுடன் தண்ணீர் சேர்த்தால், இழந்த நீரை அது திரும்பவும் பற்றிக்கொள்ளும். ஊசி போன்ற நுண்படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து மறுபடியும் கல்லாகும். அப்போது அது சூடேறுவதைக் கை வைத்தே உணரலாம். இறுகும்போது இச்சாந்து சுருங்குவதில்லை, சற்றே விரிகிறது. ஆகையால் மீன் செதிலின் கோடுகள் கூட அதில் பதிந்துவிடும்.

உப்பளத்து ஜிப்சத்தை அப்படியே சுட்டுப் பயன்படுத்தலாமா என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. கூடாது. அதில் ஒட்டியுள்ள உப்பு, சாந்தை மிக விரைவில் இறுக்கிவிடும். மக்னீசியம் உப்புகளோ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அச்சு என்றும் உலராது. கடையில் விற்கும் சாந்தையே வாங்கிக்கொள்வது நன்று.

இனி அச்சு செய்யும் முறை. வேம்பு போன்ற மரத் துண்டில் பொய்யிரையின் மூலவுருவைச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிக்கொள்ளுங்கள். குயவர் களிமண்ணைத் தட்டையாகப் பரப்பி, மூலவுருவைச் சரிபாதி அளவு புதையுங்கள். சுற்றிலும் அட்டையால் வேலி கட்டுங்கள். இரண்டு பங்கு தண்ணீருக்கு மூன்று பங்கு சாந்து என்ற எடை அளவில், சாந்தைத் தண்ணீர் மேல் தூவிக் கலக்க வேண்டும். சாந்தின் மேல் தண்ணீரைக் கொட்டினால் கட்டி தட்டும். ஊற்றிய பாதி இறுகியதும் களிமண்ணை அகற்றி, ஓரங்களில் இரண்டு மூன்று குழிகளைக் குடைந்து, முகம் முழுவதும் சோப்புக் கரைசல் பூசி, மறுபாதியை ஊற்றுங்கள். அக்குழிகளில் மறுபாதியின் முண்டுகள் வந்து அமர்வதால் இரு பாதிகளும் என்றும் இடம் தவறாமல் பொருந்தும். சோப்புப் பூசாவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். பிறகு சுத்திதான் பிரிக்கும். கடைசியில் உலோகம் இறங்க அகன்ற வாயும், உள்ளிருக்கும் காற்று வெளியேற மெல்லிய வழிகளும், முள்ளை வைக்க ஒரு பள்ளமும் கீற வேண்டும்.

இவ்வளவும் கைவேலை. இதன் பின்னர் வரும் காத்திருப்பே உண்மையான வேலை. அச்சு இறுகியதும் உலர்ந்துவிட்டதாகப் பொருளன்று. சாந்து கல்லாவதற்குத் தேவையானதைவிட மூன்று மடங்குக்கும் மேலான நீரை நாம் ஊற்றியிருக்கிறோம். மிகுதி முழுவதும் நுண்துளைகளில் தேங்கி நிற்கிறது. மரக்காணத்துக் கடற்காற்றில் அது எளிதில் போகாது. சமையலறைத் தராசில் நாள்தோறும் அச்சை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து, பிறகு குறையாமல் நிற்கும் நாளில்தான் அச்சு உலர்ந்தது. கண்ணையும் கையையும் இதில் நம்பக் கூடாது. உலர்ந்த அச்சைக்கூட மறுநாள் வார்ப்பதற்கு முன் மிதமான வெப்பத்தில் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

ஏன் இத்தனை கெடுபிடி? ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேலாக விரிகிறது. காரீயம் உருகுவது 327 டிகிரியில். அந்த வெப்பத்துக்கு அடியில் ஒரு துளி நீர் அகப்பட்டால், அது கொதிப்பதில்லை, வெடிக்கிறது. மேலே உள்ள உருகிய ஈயம் ஊற்றுபவர் முகத்தை நோக்கி எழும். நெற்றி வியர்வைத் துளி ஒன்று கரண்டிக்குள் விழுந்தாலும் போதும். அச்சுவெல்லம் பிடிப்பவர் மரப்பலகைக் குழிகளை நீரால் நனைத்த பின்னரே பாகை ஊற்றுவார். வெல்லம் ஒட்டாமல் கழன்று வர அது உதவும். பாகின் வெப்பம் நீரின் கொதிநிலையைவிடச் சிறிதளவே மிகுதி, எனவே கேடில்லை. அந்தப் பழக்கத்தை ஈயத்திடம் கொண்டுபோவது பேராபத்து. கடற்கரையில் மணலைக் குழித்து அதில் ஈயம் வார்ப்பதையும் நான் கண்டிருக்கிறேன். வெயிலில் மேல்மணல் வெண்மையாக உலர்ந்து காணும். நான்கு விரற்கடை தோண்டினால் ஈரம். அங்கே வார்க்காதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சுவாமிமலைச் சிற்பிகளிடம் இந்த அறிவு தலைமுறை தலைமுறையாக நிலைபெற்றுள்ளது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தை முதலில் செய்வர். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவர். பின்னர் நெருப்பிலிட்டு மெழுகை உருக்கி வெளியேற்றுவர். அச்சு சூடாக இருக்கும்போதே உலோகத்தை ஊற்றுவர். மெழுகு மட்டுமன்று, மண்ணின் ஈரமும் அந்நெருப்பில் போய்விடுகிறது. ஒரு படிமத்துக்கு ஓர் அச்சு. உடைத்துத்தான் தெய்வத் திருமேனியை எடுக்க வேண்டும். நம்முடைய இருபாதி அச்சு பல முறை பயன்படுவது. ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. 327 டிகிரியைத் தொடும்போது சாந்தின் மேற்பரப்பு தன் படிக நீரையும் இழந்து பொடியாகத் தொடங்கும். ஒவ்வொரு வார்ப்பிலும் ஒரு மெல்லிய தோல் உதிர்கிறது.

ஈரத்துக்கு அடுத்த தீங்கு ஈயத்திடமே உள்ளது. இதைப் பற்றிக் கடுமையாகப் பேசுவது என் கடமை. காரீயம் நஞ்சு, உடலில் இத்தனை அளவு வரை கேடில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. விழுங்கிய ஈயத்தைப் பெரியவர் உடலைவிடக் குழந்தைகள் உடல் நான்கைந்து மடங்கு மிகுதியாக ஏற்கிறது. அது முதலில் தாக்குவது மூளையை. உருகும் ஈயத்தின் மேல் மிதக்கும் சாம்பல் நிறக் கசடு நுண்ணிய தூளாகித் தரையிலும் கையிலும் ஒட்டி, தவழும் குழந்தையின் வாய்க்குப் போகிறது. வீட்டு அடுப்பிலும் சமையல் பாத்திரத்திலும் ஈயம் உருக்குவதை எக்காரணத்தாலும் ஏற்க இயலாது. சிறு ஈயமணிகளைப் பல்லால் கடித்து நரம்பில் பொருத்தும் பழக்கமும் அவ்வாறே. பழைய பாட்டரியை உடைத்து ஈயம் எடுப்பது இன்னும் கொடியது: அதில் கந்தக அமிலம் உண்டு, ஆண்டிமனி உண்டு, சிலவற்றில் ஆர்செனிக்கும் உண்டு. பயன் தீர்ந்த பாட்டரிகளை முறையாகத் திரும்பச் சேர்ப்பதற்கு 2022ஆம் ஆண்டின் விதிகள் வழி செய்துள்ளன.

பறவைகளுக்கும் இதில் பங்குண்டு. அன்னமும் வாத்தும் இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்குபவை. அறுந்து விழுந்த ஈயமணியைக் கல்லென்று எண்ணி விழுங்கினால், இரைப்பையே அதை அரைத்துக் குருதியில் கலந்துவிடும். இங்கிலாந்தில் அன்னங்கள் இவ்வாறு மடிந்ததால், 1987 முதல் சிறு ஈய எடைகளின் விற்பனை தடை செய்யப்பட்டது. மரக்காணத்துக்கு அருகிலுள்ள கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைகளும் வாத்துகளும் வந்து தங்கும் சேறு அது.

அப்படியானால் மாணவர் எதை வார்ப்பது? வெள்ளீயம் 42 பங்கும் பிஸ்மத் 58 பங்கும் கலந்த கலப்புலோகம் ஒன்று உண்டு. தனித்தனியே வெள்ளீயம் 232 டிகிரியிலும் பிஸ்மத் 271 டிகிரியிலும் உருகுபவை. இவ்வளவில் கலந்தாலோ 138 டிகிரியிலேயே உருகிவிடும். ஈயத்தின் நச்சு இதில் இல்லை. பிஸ்மத் தண்ணீரைப் போலவே உறையும்போது விரியும் இயல்புடையது. ஆதலால் கலவை அச்சின் மூலைகளில் நன்கு நிறைந்து நிற்கும். வெப்பம் குறைவாதலின் சாந்து அச்சும் நெடுநாள் உழைக்கும். விலை மட்டும் ஈயத்தைவிட மிகுதி. இதனையும் ஆசிரியரோ பெற்றோரோ அருகிருக்க, கண்ணாடியும் கனத்த கையுறையும் அணிந்து, திறந்த வெளியில்தான் வார்க்க வேண்டும். உலர்ந்த அச்சு என்ற விதியும் சிறிதும் தளராது. 138 டிகிரியும் நீரின் கொதிநிலைக்கு மேற்பட்டதுதானே! முதல் சில முறை மெழுகுவர்த்தி மெழுகை ஊற்றிப் பழகினால், காற்றுவழி எங்கே போதவில்லை என்பது தெரிந்துவிடும்.

இக்கலவையின் அடர்த்தி 8.6 அளவே. 2 கன சென்டிமீட்டர் அளவுள்ள ஈயப் பொய்யிரை கடலுக்குள் 21 கிராம் எடை காட்டினால், அதே அச்சில் வார்த்த இது 15 கிராமே காட்டும். கடலுக்குள் அதே எடை காட்ட வேண்டுமென்று எண்ணுபவர் கன அளவை 1.37 மடங்கு ஆக்க வேண்டும். பெரிய மாற்றமென்று தோன்றும். மூலவுருவைச் செதுக்கும்போது நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் ஒன்பதில் ஒரு பங்கு கூட்டினால் கணக்குச் சரியாகிவிடும். நாலரை சென்டிமீட்டர் மீன் ஐந்து சென்டிமீட்டராகும்.