கருவிக்கு உரை எழுதுதல்

வகுப்பிலே ஒரு மாணவனை அழைத்து, "நூலக அலுமாரியிலே அந்தப் புத்தகம் உண்டோ என்று பார்த்து வா" என அனுப்புகின்றோம். சென்றவன் சிறிது நேரத்தில் மீண்டு, "இல்லை, ஐயா" என்கின்றான். எந்த அலுமாரியிலே பார்த்தான், எந்தப் பெயரைத் தேடினான், பூட்டிய கதவைக் கண்டு பாராமலே திரும்பினானோ என்பன யாவும் அந்த ஒரு சொல்லினுள் மறைந்து கிடக்கின்றன. குற்றம் அவனதன்று, ஏவிய எமது சொல்லினதே. இக்குற்றம் இன்று கணினித் துறையிலும் புதுவடிவில் வந்து நிற்கின்றது. அதனை எம் கல்லூரியின் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் சார்பில் நின்று பணி செய்யும் செயற்கை நுண்ணறிவை முகவர் என்பர். அம்முகவர் ஒரு தரவுத்தளத்தைத் தானாகத் திறந்து பார்க்க வல்லதன்று. அதற்கெனக் கருவிகள் சிலவற்றை நாம் அமைத்துக் கொடுத்தல் வேண்டும். கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், அது ஏற்கும் உள்ளீடுகளின் விவரம் என்பன எழுதப்படுகின்றன. 2024 ஆம் ஆண்டு நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டொகோல் என்னும் பொதுமுறையும் இவற்றுக்கே இடம் வகுத்துள்ளது. வினா வந்ததும், எக்கருவியை எடுப்பது, அதனுள் எதனை இடுவது என்பதை முகவர் இவ்விளக்கங்களை வாசித்தே தீர்மானிக்கின்றது. கருவியின் உட்புறத்தை அது காண்பதில்லை. ஆகவே, விளக்கம் எழுதுவோன், திரும்பக் கேட்க வாய்ப்பில்லாத ஓர் அந்நியனுக்குக் கடிதம் எழுதுபவனாகின்றான்.

ஓர் உதாரணம் காண்போம். ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிற் காத்து வரும் 'நூலகம்' என்னும் இணைய நூலகம் 2005 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. அதன் பட்டியலிலே நூலக எண், ஆசிரியர், மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் முதலிய விவரங்கள் உள. இத்தகைய பட்டியல் ஒன்றைத் தேடும் கருவியை எம் மாணவன் ஒருவன் அமைப்பதாகக் கொள்வோம். அவன் அதற்கு "நூல்களைத் தேடும்" என்று மட்டும் விளக்கம் எழுதி விடுகின்றான்.

விளைவு யாது? பட்டியலிலே 'கந்தசுவாமி' என்றிருக்க, முகவர் 'கந்தசாமி' என்று தேடி வெறுங்கையுடன் மீளும். நம்மவர் பெயரின் தலையெழுத்துத் தந்தையாரைக் குறிப்பது; அதனை அறியாத முகவர், பெயரின் இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயரெனக் கருதி மயங்கும். பழைய நூல்கள் பலவற்றிலே பிரபவ, விபவ என்றாற்போன்ற ஆண்டுப் பெயர்களே அச்சிடப்பட்டுள்ளன. அவை 60 ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் வருவன. பழைய மாணவர் முகவரிப் பட்டியலிலும் இதுவே நிலை. ஒருவர் 'கொட்டாஞ்சேனை' என எழுத, மற்றொருவர் 'கொழும்பு 13' என எழுதுவர். 'வெள்ளவத்தை'யும் 'கொழும்பு 6'உம் அவ்வாறே. இவ்வூரவர்க்கு இரண்டும் ஒன்றே. எழுத்தை மாத்திரம் ஒப்பிடும் கருவிக்கோ இரண்டும் வேறு.

ஆகவே, விளக்கம் பின்வருமாறு அமைதல் நலம்: "இக்கருவி நூற்பட்டியலிலே தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மட்டுமே தேடும், நூலின் உள்ளே உள்ள வாசகங்களைத் தேடாது. பெயரைத் தமிழ் எழுத்தில் இடுக, தலைப்பெழுத்தை விடுக. ஆண்டினை 1956 என்பது போல நான்கு இலக்கத்தில் இடுக. ஆண்டு தெரியாவிடில் வெறுமையாக விடுக. ஒரே முறையில் 20 பதிவுகள் வரையிலேயே தரும். ஒன்றும் கிடையாவிடின், வேறு எழுத்துக்கூட்டலில் மீண்டும் தேடுக. நூல் இல்லையெனக் கூறற்க." செய்வது யாது, செய்யாதது யாது, எவ்வடிவிற் கேட்பது, விடை வாராவிடின் எவ்வாறு கொள்வது என்னும் நான்கும் இதனுள் அடங்கியிருத்தல் காண்க.

பவணந்தி முனிவர் நன்னூலிலே நூலுக்குரிய குற்றங்களைப் பத்தென வகுத்தார். அவற்றுட் சில இதற்கும் பொருந்துவன. வேண்டியதை விடுதல் குன்றக்கூறல். தரவுத்தளத்தின் வரலாறு முழுவதையும் விளக்கத்திலே கொட்டுதல் மிகைபடக்கூறல். பெயரிலே 'தேடுக' என்றும் விளக்கத்திலே 'திருத்தும்' என்றும் எழுதுதல் மாறுகொளக்கூறல். ஏறக்குறைய ஒரே விளக்கமுடைய இரு கருவிகளைக் கொடுத்து எதனை எடுப்பதெனத் திகைக்கச் செய்தல் மயங்கவைத்தல். தமிழிலக்கணம் கற்றோன் இத்துறைக்கு அந்நியனல்லன் என்பது இதனாற் பெறப்படும்.

எழுதியபின், பட்டியலை முன்பு பாராத நண்பர் ஒருவரை அவ்விளக்கத்தை வாசிக்கச் செய்க. அவர் ஐயுறும் இடத்தில் முகவரும் தவறுதல் கூடும். பின்னர்ப் பத்து வினாக்களைக் கொடுத்து, முகவர் எக்கருவியை எடுத்தது, எதனை இட்டது என நோக்கித் திருத்துக. மற்றுமொன்று: விளக்கம் வழிகாட்டியேயன்றிப் பூட்டன்று. "பதிவுகளை அழிக்காதே" என எழுதி வைத்தலால் மட்டும் பதிவுகள் காக்கப்படா. வாசிக்கும் உரிமையை மாத்திரம் தரவுத்தளத்திலேயே வரையறுத்துக் கொடுத்தல் வேண்டும்.

இத்துணை நுணுக்கம் எதற்கென வினவலாம். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எரிந்த நூலுக்கு "இல்லை" என்பது துயரமான உண்மை. ஆயின், எவரோ தேடி எடுத்து, துடைத்து, பட்டியலிட்டுக் காத்து வைத்திருக்கும் நூலுக்கும், அரைகுறை விளக்கத்தினால் ஒரு முகவர் "இல்லை" என்னுமாயின், அந்நூல் இரண்டாம் முறையும் இழக்கப்படுகின்றது. கொட்டாஞ்சேனையிலிருந்து கேட்கும் சிறுவன் அவ்விடையை நம்பித் தேடுதலை விட்டுவிடுவான். அவனை அவ்வாறு திருப்பி அனுப்பாத நான்கு தெளிந்த வாக்கியங்களை எழுதக் கற்பது, எம் மாணவர் தமக்கு முன்னிருந்தோர்க்குச் செய்யும் கைம்மாறாகும்.