அச்சுக்குச் சொன்ன குறி திரைக்குப் புரியுமா?

லண்டனில் ஒரு பேராசிரியர் கணக்குப் புத்தகம் எழுதுகிறார். புதுச்சேரியில் உட்கார்ந்து அதற்குப் பக்கம் கட்டுகிறார்கள். ஜப்பானில் ஒரு மாணவர் அதைத் தம் கைப்பேசியில் படிக்கிறார்!

புதுவையில் இது ஒரு தொழில். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் நூல்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் இங்கே இருக்கின்றன. 1994இல் தொடங்கிய இன்டெக்ரா அவற்றுள் ஒன்று.

அச்சு வேலை இந்த ஊருக்குப் புதிது அல்ல. பாரதியாரின் "இந்தியா" பத்திரிகை 1908இல் சென்னையை விட்டு இங்கே வந்தது. அன்று ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தார்கள். இன்று கோப்பது கம்ப்யூட்டர். ஆனால் எது தலைப்பு, எது பாட்டு, எது அடிக்குறிப்பு என்று கம்ப்யூட்டருக்கும் யாராவது சொல்லத்தானே வேண்டும்?

கல்யாணப் பத்திரிகை

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போது வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? தாளின் ஓரத்தில் குறித்துக் கொடுப்பார்கள். "இது கொட்டை எழுத்து", "இது நடுவில்", "இது சிவப்பு மை" என்று. அச்சுக் கோப்பவர் அதைப் பார்த்து வேலை செய்வார். குறி அச்சில் வராது.

கம்ப்யூட்டர் அச்சுக்கோப்பும் இதே மாதிரிதான். எழுத்தோடு எழுத்தாகக் குறிகளையும் தட்டி வைக்கிறார்கள்.

இதில் புகழ் பெற்றது "டெக்" என்ற முறை. அமெரிக்கக் கம்ப்யூட்டர் அறிவியல் பேராசிரியர் டொனால்ட் குனூத் இதை உண்டாக்கினார். 1977இல் அவருடைய புத்தகத்தின் புரூப் வந்தது. அச்சின் அழகு அவருக்குப் பிடிக்கவில்லை. வேறொருவராயிருந்தால் அச்சகத்தோடு சண்டை போட்டிருப்பார். அவர் புது அச்சுக்கோப்பு முறையையே எழுதிவிட்டார்! பிறகு லெஸ்லி லாம்போர்ட் என்பவர் அதன்மேல் "லேடெக்" என்ற எளிய முறையை அமைத்தார்.

குறிகளில் இரண்டு வகை உண்டு. "இதைப் பெரிய சிவப்பு எழுத்தில் போடு" என்பது ஒன்று. "இது மணமகள் பெயர்" என்பது இன்னொன்று. முதல் குறி வேஷத்தைச் சொல்கிறது. இரண்டாவது ஆளைச் சொல்கிறது. லேடெக் பெரும்பாலும் ஆளைச் சொல்லும் முறை.

திரைக்கு அடிப்பக்கம் ஏது?

இணையப் பக்கத்துக்கும் குறி உண்டு. அதன் பெயர் எச்.டி.எம்.எல். ஜெனீவாவில் டிம் பெர்னர்ஸ்-லீ உண்டாக்கியது. லேடெக்கில் சாய்கோடு போட்டு "செக்‌ஷன்" என்று எழுதினால் பிரிவின் தலைப்பு. இணையத்தில் முனை அடைப்புக்குள் "எச் 2" என்று போட்டால் அதே தலைப்பு. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் தீர்ந்தது அல்லவா?

தீரவில்லை. தாளின் அகலம் மாறாது. கைப்பேசியின் அகலம் நாலு விரல். மேஜைக் கம்ப்யூட்டரில் அதுவே ஒரு முழம். தாளில் அடிக்குறிப்பு பக்கத்தின் அடியில் வரும். உருண்டுகொண்டே போகும் திரைக்கு அடி எங்கே இருக்கிறது? "45ஆம் பக்கம் பார்க்க" என்று நூலில் இருக்கும். திரையில் பக்கமே இல்லையே! அந்த வரியைத் தொட்டால் உரிய இடத்துக்குப் போகும்படி செய்யவேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி கணக்குத்தான். பின்னமும் வர்க்கமூலமும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பவை. முன்பெல்லாம் ஒவ்வொரு சூத்திரத்தையும் ஒரு படமாக்கி ஒட்டிவிடுவார்கள். கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. கண் தெரியாத மாணவருக்கு? அவருடைய கம்ப்யூட்டர் வரிகளை வாய்விட்டுப் படிக்கும். சூத்திரம் வந்ததும் "படம்" என்று சொல்லித் தாண்டிவிடும். கணக்குப் பாடத்தில் கணக்கு மட்டும் கிடையாது!

மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று குறியால் சொன்னால் கம்ப்யூட்டர் அதையும் படிக்கும். உலகின் விஞ்ஞானிகள் கட்டுரைகளைப் போட்டுவைக்கும் "ஆர்க்கைவ்" என்ற அமெரிக்கக் களஞ்சியம் 1991 முதல் நடக்கிறது. 2023 டிசம்பரில் அது புதிய லேடெக் கட்டுரைகளை இணையப் பக்கமாகவும் கொடுக்கத் தொடங்கியது. பார்வையற்றவர்களும் படிக்கவேண்டும் என்பது அதற்கு முக்கியக் காரணம்.

திருவனந்தபுரம் கைகொடுத்தது

குறியை மாற்றும் கருவிகள் பல உண்டு. ஆனால் எழுதுகிறவர்கள் சும்மா இருப்பதில்லை. தங்களுக்கென்று சொந்தச் சுருக்கெழுத்தை உண்டாக்கிக்கொள்கிறார்கள். கருவி அதைக் கண்டு திகைத்து நின்றுவிடும்.

அமெரிக்காவில் ஓஹியோவைச் சேர்ந்த எய்டன் குராரி ஒரு யுக்தி செய்தார். டெக்குக்குப் புரியாத சுருக்கெழுத்து ஏது? டெக்கையே ஓடவிடுவோம், ஓடும் வழியில் அங்கங்கே இணையக் குறிகளைப் போட்டுவிட்டுப் போகச் செய்வோம் என்றார். கெட்டிக்காரத்தனமான யோசனை! 2009இல் அவர் காலமானார். கருவி அநாதையாகியிருக்கும். திருவனந்தபுரத்து சி.வி. ராதாகிருஷ்ணனும் அமெரிக்காவின் கார்ல் பெர்ரியும் அதை எடுத்துப் பராமரித்தார்கள்.

தேவாரம் வந்த வழி

தமிழுக்கு என்ன நடந்தது?

புதுவைக் கடற்கரையை அடுத்து, 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1984 முதல் 1991 வரை, பண்டிதர் தி.வே. கோபாலய்யர் பதிப்பித்த தேவாரம் மூன்று தொகுதிகளாக இங்கிருந்து வெளிவந்தது. 2007இல் தேவாரம் கம்ப்யூட்டருக்கும் வந்தது. "கணினித் தேவாரம்" என்று பெயர். முதலில் குறுந்தகடு, பிறகு இணையம். ழான்-லுக் ஷெவியாரும் எஸ்.ஏ.எஸ். சர்மாவும் பாடுபட்டார்கள். வி.எம். சுப்பிரமணிய ஐயர் எழுதிய ஆங்கிலப் பொருளும் அதில் இருக்கிறது. பாவம், அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

எண்ணாயிரத்துக்கும் அதிகமான பாட்டுகள். ஒரு சொல் எந்தெந்தப் பாட்டில் வருகிறது என்று உடனே பார்க்கலாம். இப்படிப்பட்ட நூலில் இது பண், இது தலம், இது பாட்டு எண் என்று தனித்தனியே சொல்லியாகவேண்டும். வெறும் "கொட்டை எழுத்து" என்ற குறி போதாது.

எல்லா நூலுக்கும் இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. 1990களில் கம்ப்யூட்டரில் கோத்த தமிழ்ப் புத்தகங்கள் ஏராளம். அந்த நாளில் ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் ஒவ்வொரு விதமாக எழுத்துகளை அடுக்கினார். ஒருவர் "அ" வைத்த அறையில் இன்னொருவர் "கு" வைத்தார். தாளில் எல்லாம் சரியாக வந்தது. ஆகவே யாரும் கவலைப்படவில்லை. இன்று அந்தக் கோப்பைத் திறந்தால்? ஆங்கில எழுத்தும் புள்ளியும் கொம்புமாகப் பிதற்றுகிறது! இதைச் சீராக்க 1999இல் சென்னையில் மாநாடு கூட்டினார்கள். யூனிகோடு என்ற உலகப் பொது முறையை 2010இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. 1998 பொங்கலில் தொடங்கி நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம், தான் முன்பு தட்டியவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டது.

பழைய எழுத்துரு எது என்று தெரிந்தால், மாற்றும் கருவி சில நொடியில் மாற்றிவிடும். தெரியாவிட்டால் அச்சான பிரதியைப் பார்த்து மறுபடி தட்டவேண்டியதுதான். அதில் மணமகள் யார், மணமகன் யார் என்று மறுபடி குறிக்கவும் வேண்டும்.

கோயில் கும்பாபிஷேக மலரோ, பாட்டி பாடிய பாட்டுகளோ அச்சுக்குக் கொடுக்கப் போகிறீர்களா? அச்சான பிரதிகளை வாங்கும்போது, "யூனிகோடு எழுத்தில் ஒரு கோப்பும் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஒரு பென்டிரைவ் கையில் கொண்டுபோனால் போதும்.