சிங்கங்கள் குடும்பமாகச் சேரும் விதம்

குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்கத்தா மாநகரில் பாதிப்பேர் அலிப்பூர் மிருகக் காட்சிசாலைக்கே வந்துவிட்டார்களோ என்று எண்ணும்படி கூட்டம் திரளும். இந்நகரில் குடியேறிய நம்மவரும் குழந்தை குட்டிகளோடு அங்கே செல்வதுண்டு. எந்த ஊர்க் காட்சிசாலையானாலும், சிங்கம் ஒன்று தனித்துப் படுத்திருக்கக் கண்டால், "பாவம், இதை மற்றவற்றோடு விட்டால் என்ன?" என்று யாரேனும் கேட்பர். கேள்வி நியாயமானதே. விடைதான் எளிதன்று.

புலி தனித்து வாழும். சிங்கம் கூடி வாழும். ஆயினும் சிங்கக் கூட்டம் என்பது உறவினர் கூட்டம். தாய், மகள், பேத்தி, தமக்கை, தங்கை ஆகியோரே அதன் நிலையான உறுப்பினர். அயலிலிருந்து வரும் பெண்சிங்கத்தை அவை எளிதில் ஏற்பதில்லை. ஆண்சிங்கங்கள் சில ஆண்டுகள் ஆதிக்கம் செலுத்திவிட்டு, வலியவை வந்ததும் விலகிவிடும். வந்தேறிய ஆண், முந்தையதன் இளங்குட்டிகளைக் கொன்றுவிடுவதும் உண்டு. குட்டிகளை இழந்த தாய் விரைவில் மீண்டும் கருவுறக்கூடும் என்பதே அதன் காரணம். 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குஜராத்தில் 891 சிங்கங்கள் உள்ளன. அங்கே கிர் காட்டில் ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் தனித்தனிக் குழுக்களாகவே திரிகின்றன. மாமல்லபுரத்துத் தூண்களில் சிங்கம் கண்டு பழகிய நமக்கு இது சற்று வியப்பாகவே இருக்கும்.

1876ஆம் ஆண்டில் தோன்றிய அலிப்பூர்த் தோட்டத்தில், ராமபிரம்ம சன்யால் என்ற வங்காள அறிஞர் மேற்பார்வையாளராக விளங்கினார். அடைபட்ட விலங்குகளைப் பேணும் முறை பற்றி அவர் 1892இல் ஒரு கைந்நூலும் வெளியிட்டார். பிற்காலத்தில் அதே தோட்டம் வேறொரு சேர்க்கையால் உலகப் புகழ் பெற்றது. புலித் தந்தைக்கும் சிங்கத் தாய்க்கும் 1971இல் பிறந்த ருத்ராணியை, தேவவிரதன் என்ற ஆசியச் சிங்கத்தோடு சேர்த்தனர். ஏழு குட்டிகள் பிறந்தன. அவற்றுள் குபனகான் என்பது 363 கிலோ எடைக்குக் குறையாமல் வளர்ந்து, 1991இல் மறைந்தது. பார்ப்பவருக்கு அது அதிசயம். சிங்க இனத்துக்கோ புலி இனத்துக்கோ அதனால் விளைந்த பயன் ஏதும் இல்லை என்பதே நம் கருத்து. இத்தகைய கலப்பு இன்று இந்தியக் காட்சிசாலைகளில் அனுமதிக்கப்படுவதில்லை.

உறவில்லாத சிங்கங்களை உறவாக்குவது எவ்வாறு? நம் வீடுகளில் சம்பந்தம் பேசுவதைக் காட்டிலும் நிதானம் வேண்டும். புதிதாக வந்த விலங்கை நோய்க்காக ஏறக்குறைய ஒரு மாதம் ஒதுக்கி வைப்பர். பின்பு ஒன்றன் வாடையை மற்றொன்று அறியட்டும் என்று, ஒன்று படுத்த வைக்கோலை மற்றதன் அறையில் இடுவர். அடுத்தது, கம்பிவலைக்கு இருபுறமும் அடுத்தடுத்த அறைகளில் வைத்தல். காதை மடித்து, இமைக்காமல் நோக்கி, வலையின்மீது பாய்ந்தால் காலம் கனியவில்லை என்று பொருள். மெல்ல முனகி வலையில் கன்னத்தைத் தேய்த்தாலோ, வலையோரமாக அருகருகே படுத்து உறங்கினாலோ நல்ல அறிகுறி. இதற்கு வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

கதவைத் தூக்கும் நாளில் இரண்டுக்கும் வயிறு நிறைந்திருக்க வேண்டும். இறைச்சித் துண்டு எதுவும் தரையில் கிடக்கலாகாது. ஓடித் தப்ப முடியாத முடுக்கு இல்லாத வெளியே ஏற்றது. தண்ணீர்க் குழாயுடன் காப்பாளரும், மயக்க ஊசித் துப்பாக்கியுடன் மருத்துவரும் அருகில் நிற்பர். பெண்சிங்கம் உறுமி ஓர் அறை விடும், ஆண் பின்வாங்கும். அதைக் கண்டு அஞ்சிப் பிரித்துவிடுபவர் அனுபவமற்றவர். ஒன்று கீழே விழுந்தபின்னும் மற்றது பிடியை விடாதபோதுதான் தலையிட வேண்டும். அப்போதோ விநாடியும் தாமதிக்கலாகாது.

பழகிய பின்னரும் முழு நம்பிக்கை கொள்ள இயலாது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் காட்சிசாலையில், எட்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்து, மூன்று குட்டிகளுக்குத் தந்தையான ஆண்சிங்கத்தை, 2018 அக்டோபரில் அதன் துணையே கழுத்தைக் கவ்விக் கொன்றது. காப்பாளர்கள் முயன்றும் பிரிக்க முடியவில்லை.

ஆதலால்தான் பகலில் ஒன்றாக உலவும் சிங்கங்களையும் உணவு வேளையில் தனித்தனி அறைகளுக்கு அழைத்துக்கொள்வது வழக்கம். ஈன்ற தாயையும் குட்டிகளையும், குட்டிகள் ஓடியாடும் வரையில் ஆணின் கண்ணில் படாமல் வைப்பர். தனித்துக் கிடக்கும் சிங்கம் ஒருவேளை கதவு திறக்கும் நாளுக்காகவே அவ்வாறு வைக்கப்பட்டிருக்கலாம். வலைக்கு அப்பால் மற்றொன்று படுத்திருக்கிறதா என்று பார்த்தால் அது விளங்கும்.