வேகத் தொடர் இணைப்புகளில் பொதுப்பாங்கு இரைச்சல்: தோற்றமும் தணிப்பும்

யூஎஸ்பி 3.0 வழியே ஒரு வெளிவட்டைக் கணினியில் செருகியதும், அருகிலுள்ள கம்பியில்லாச் சுட்டெலி தடுமாறுவதைப் பலர் கண்டிருப்பர். 2012-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையொன்று இதன் காரணத்தை அளந்து காட்டிற்று: வெளிவட்டும் அதன் கம்பிவடமும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் இரைச்சலை உமிழ்கின்றன. வடிகட்டி ஒன்றால் இதனைத் தீர்த்துவிடலாகாதா என்னும் வினா இயல்பானது. நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஒன்றும் சுழியும் மாறிமாறி வருமாயின், அதன் அடிப்படை அதிர்வெண் 2.5 கிகா ஹெர்ட்ஸ். அக்கற்றையை வடிகட்டினால் தகவலே அழியும். ஆகவே தகவலை விட்டுவிட்டு, அதனோடு ஒட்டி வரும் பொதுப்பாங்கினை மட்டும் தணித்தாக வேண்டும்.

வேறுபாட்டு இணைப்பில் ஒரே தகவலை இரு தடங்கள் சுமக்கின்றன. ஒன்றில் மின்னழுத்தம் ஏறுகையில் மற்றதில் அதே அளவு இறங்கும். பெறும் சுற்று இரண்டின் வேறுபாட்டையே நோக்கும். இரண்டின் சராசரி பொதுப்பாங்கு மின்னழுத்தம் எனப்படும். அது அசையாதிருத்தல் வேண்டும். அசையும் பகுதியே இரைச்சல். 'இரைச்சல்' என நாம் வழங்கும் சொல் ஈண்டுச் சற்றே வழிதவறச் செய்கிறது. அது வெளியிலிருந்து புகுந்த ஒலிபோல் தோன்றினும், பெரும்பாலும் இணையின் சமச்சீரின்மையால் தகவலிலிருந்தே பிறப்பதாகும்.

எவ்வளவு சிறு பிழை போதும் என்பதைக் கணக்கிட்டுக் காண்போம். இரு தடங்களின் நடுக்கோடுகள் 0.3 மி.மீ. இடைவெளியுடன் வட்டவில்லாக 90 பாகை திரும்பினால், வெளித்தடம் ஏறத்தாழ 0.47 மி.மீ. நீண்டுவிடும். சுற்றுப்பலகையில் அது சுமார் 3 பைக்கோநொடித் தாமதம். ஒரு பிட்டின் காலம் 200 பைக்கோநொடி; எனவே பெறும் சுற்று இதனைப் பொருட்படுத்தாது. ஆனால் 2.5 கிகா ஹெர்ட்ஸில் இத்தாமதம் 2.7 பாகைக் கட்ட வேறுபாடாகி, ஒரு தடத்து வீச்சில் நூற்றுக்கு இரண்டுக்கும் மேலான பங்கைப் பொதுப்பாங்காக மாற்றிவிடுகிறது. அருகில் இருக்கும் வானலை வாங்கியோ ஒரு பைக்கோவாட் அளவிலான குறிப்பலையைக் கேட்க முயல்வது. தகவல் பிழையின்றிச் செல்லும்போதே அண்டைக் கருவி செவிடாவது இதனாலேயே.

எனவே தணிப்புப் பணி தடம் வரைவதிலேயே தொடங்குதல் நன்று. நீளக் குறையைத் தடத்தின் மறுமுனையில் ஈடுசெய்யும் வழக்கம் பரவலாக உண்டு; மொத்த நீளம் சமமாயினும், இடைப்பட்ட தொலைவு முழுதும் பொதுப்பாங்கு பயணம் செய்யும். திருப்பத்தை அடுத்தே வளைவிட்டு ஈடுசெய்வதே முறை. தடங்களின் கீழுள்ள நிலத்தளத்தில் பிளவு இருத்தலாகாது. இணை ஓர் அடுக்கிலிருந்து வேறோர் அடுக்குக்கு இறங்குமிடத்தில் நிலத்துளைகளை இருபுறமும் ஒத்த இடைவெளியில் அமைத்தல் வேண்டும். பலகையின் நெசவும் குறுக்கிடும்: கண்ணாடியிழையின் ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ 6, பிசினுடையது 3. ஒரு தடம் இழைமேலும் மற்றது பிசின்மேலும் நெடுந்தொலைவு ஓடினால் வேகம் வேறுபடும். வரைபடத்தை நெசவுக்கு 10 பாகை சாய்த்து வைத்தல் இதற்கு எளிய மருந்து. பலகை சிறிது வீணாகும் என்பதால் செலவு கூடும்.

இவற்றின் பின்னரே பொதுப்பாங்கு அடைப்புச்சுருளை நாட வேண்டும். ஃபெரைட் உள்ளகத்தில் ஒருங்கே சுற்றிய இரு சுருள்களில் எதிரெதிர் மின்னோட்டங்களின் காந்தப்பாயம் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும்; ஒருதிசை ஓட்டங்களின் பாயம் கூடித் தடையாக நிற்கும். ஆயின் அது தகவலையும் சிறிது நலிவிக்கும். தடுத்த இரைச்சலில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பியனுப்பும். சோதனையில் தோற்ற பின் அவசரமாகச் சுருளை ஒட்டவைப்பதை நான் ஏற்பதற்கில்லை. அதற்கு அப்பால், இணைப்பானில் புதிதாகப் பிறக்கும் பொதுப்பாங்கை அது அறியவும் மாட்டாது.

கம்பிவடமே இறுதி வாயில். ஒரு மீட்டர் வடத்தில் 50 மெகா ஹெர்ட்ஸில் வெறும் 5 மைக்ரோ ஆம்பியர் பொதுப்பாங்கு ஓட்டம், 3 மீட்டர் தொலைவில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 மைக்ரோவோல்ட் புலத்தை உண்டாக்கும். அவ்வதிர்வெண்ணில் அமெரிக்க வீட்டுக்கருவி விதியின் வரம்பும் அதுவே. ஆகவே வடத்தின் கவசவலையை முறுக்கிய ஒற்றைக் கம்பியாக நிலத்தில் இணைத்தல் போதாது. இணைப்பானின் உலோகக் கூட்டைச் சுற்றிலும் முழு வட்டமாகப் பொருத்த வேண்டும். அக்கூடும் கருவியின் உடற்கூட்டோடு பல புள்ளிகளில் தொட வேண்டும்.